நிரஞ்சனி பிடித்த நெபுலா

எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று பதிந்துகொள்வதுதான் கண்டி மாநகர சபையில் நிரஞ்சனியின் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஊருக்கு வெளிச்சம் வாங்கிக் கொடுத்தவள், ஐம்பத்தொரு வயதில் இருட்டைத் தேட ஆரம்பித்தாள்.

காரணம், டோஹாவிலிருந்து தம்பி கொண்டுவந்து தந்த ஸ்மார்ட் தொலைநோக்கி. கண்ணை வைத்துப் பார்க்கிற வேலையே அதில் இல்லை. போனில் பெயரைத் தொட்டால் தானே திரும்பி இடத்தைக் கண்டுபிடித்து, பத்துப் பத்து விநாடியாகப் படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். அவள் மனம் ரோசாப்பூ நெபுலாவில் விழுந்தது. விண்மீன்கள் பிறக்கிற வாயு முகில் அது, வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

பெப்ரவரி மாதம். சோற்றை வடித்து வைத்துவிட்டு இரவு ஏழரைக்கெல்லாம் மஹய்யாவயில் இருக்கிற தன் வீட்டின் பின்பக்கம் போய்விடுவாள். முதல் இரண்டு நாளும் ஹந்தானை மலைப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிவிட்டது.

"அந்த மெஷினுக்கும் ஒரு கம்பளி போர்த்தி விடு" என்று சிரித்தார் கணவர் மோகனராஜ்.

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டு றலியாவின் பின்வாசல் பல்ப் படத்தைப் பாழாக்கியது. மதிலோரம் போய், அணைக்க முடியுமா என்று கேட்டாள்.

"லைட் இல்லாட்டி கள்ளன் வருவானே, புள்ள."

"ஒன்பது மணி வரைக்கும் நான்தான் இங்க குந்திக்கிட்டு இருக்கேனே, அக்கா! கள்ளன் என்னையத் தாண்டித்தான் வரணும்."

றலியா சிரித்துக்கொண்டே பல்பை அணைத்தாள். அதோடு உட்கார ஒரு கதிரையையும் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

திரையில் முதலில் வெறும் சாம்பல். கால் மணி நேரத்தில் மெல்லிய சிவப்பு. பிறகு நடுவில் குழிந்து, சுற்றிலும் இதழ் இதழாக...

"யா அல்லாஹ், பூ விரியுது!" என்று றலியா எழுந்தே விட்டாள். சத்தம் கேட்டு ஓடிவந்த மோகனராஜ், போனை வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் தொலைநோக்கி வைக்கிற மேசையை அவரே தூக்கி வெளியே வைத்தார்.

ஆறு இரவுகள், ஆயிரத்து நானூறு படங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே படமானதும், பெரிதாக அச்செடுத்துக் கண்டியில் நடந்த புகைப்படப் போட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தோளில் பெரிய பெரிய கமராக்களோடு வந்தவர்களுக்கு நடுவே, கைப்பையோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

முதல் பரிசுக்கு அவள் பெயரைத்தான் வாசித்தார்கள்.

"எந்த வானாய்வு நிலையத்தில் எடுத்தீங்க?" என்று கேட்டார் நடுவர்.

நிரஞ்சனி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "மஹய்யாவயில, சேர். எங்க வீட்டுக்குப் பின்னால, உடுப்புக் காயப்போடுற கம்பிக்குப் பக்கத்துல."

மண்டபமே எழுந்து கைதட்டியது.