ஐந்தாவது பெயர்

அக்காவை நினைத்தாலே நான் போட்ட அந்தப் பேனாக் கோடுதான் முதலில் கண்ணில் வருகிறது. சமூகவியல் ஆய்வுக்காகத் தென்காசியில் வீடு வீடாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த காலம். ஒரு வீட்டில், பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய பெண்ணிடம், யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு மாமியார், இரண்டு பிள்ளைகள், தான், ரியாத்தில் வேலை பார்க்கும் கணவர் என்று ஐந்து பேரைச் சொன்னார். ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருப்பவரைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. எழுதிய கணவர் பெயரை அக்கா கண்ணெதிரிலேயே அடித்தேன். அப்போது எனக்குக் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் அதிகம்.

“அவுக பேரை எதுக்கு அடிக்கீக டீச்சர்?” என்றார். விதியைச் சொன்னேன். டீயை வைத்துவிட்டு உள்ளே போனவர் அன்று திரும்பி வரவே இல்லை.

கேள்வி கேட்க எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பேனாவை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க அந்த வீட்டில்தான் பழகினேன். படிவம் இல்லாமல் பல நாள் போனேன். மறுநாள் என்ன குழம்பு, மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது எல்லாமே ரியாத்திலிருந்து வரும் போனில்தான் முடிவாகும். சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அருவிக்கரையில் நின்று, கணவருக்கும் சத்தம் கேட்கட்டும் என்று அக்கா போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார். கை வலித்திருக்கும், இறக்கவில்லை. அன்று மாலையே படிவத்தை எடுத்து, அடித்த பெயரை அக்கா முன்னால் மறுபடி எழுதினேன். ஆய்வு புத்தகமாகும்போது அதிலும் வரும் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டுக்காக விதியை மாற்றினால் மொத்த ஆய்வும் நிற்காது என்றார். பட்டம் வேண்டும், நான் சண்டை போடவில்லை. புத்தகத்தில் அந்த வீடு நாலு பேர் கொண்ட வீடாகவே வந்தது. அதை அக்காவுக்கு அனுப்ப வெட்கமாக இருந்தது. பிறகு போன் செய்யவும் வெட்கம். ஆய்வு முடிந்தால் ஊரையும் முடித்துக்கொள்வது எங்கள் தொழிலில் வழக்கம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அக்காவோடு பேசியதுபோல் யாரோடும் பேசவில்லை.

இந்தச் சாரலில், நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று புத்தகத்தோடு போனேன். கதவைத் திறந்தவர் ஒரு பெரியவர். என் பெயரைச் சொன்னதும் யாரென்று புரிந்துகொண்டார். ரியாத்தை விட்டு ஊரோடு வந்து நாலு வருஷமாகிறதாம். அக்கா போன ரமலான் நோன்பில் மவுத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவர் ஒருவர்தான்.

புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கண்ணாடியைத் தேடினார்.

“என் பேரு இதுல இருக்குன்னு அவ எல்லார்ட்டயும் சொல்லிட்டே கெடந்தாம்மா. எந்தப் பக்கம்?”

உள்ளேயிருந்து அக்கா வந்து என்னை நன்றாகத் திட்டமாட்டாரா என்றிருந்தது.