இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் பகல்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரகடத்துப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபது வருஷம் சாம்பார் காய்ச்சியவளுக்கு வேறென்ன வரும். என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். கேட்டால்தான் பதில், அதுவும் பாதி.

வேலையில் இருந்தவரை இந்தப் பொருத்தம் சரியா தப்பா என்று பார்க்க எங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. விடிவதற்கு முன் நான் கேன்டீன் வேனில் ஏறிவிடுவேன். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஓர் ஆள் வேண்டுமே என்று அவர் தன் பேக்டரியில் செகண்ட் ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் என் வேன் எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்குத் திரும்பும்போது அவருடைய பஸ் எதிரே போகும். ஜன்னலில் ஒரு கை ஆடும், அவ்வளவுதான். ராத்திரி அவர் வந்து சேரும்போது நான் தூங்கிப்போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போவோம். அங்கேயும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

ஆகவே எங்கள் குடும்பம் நடந்தது முழுக்கக் காலண்டர் தாளில். கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். 'பாப்பாவுக்கு ஜுரம். மாத்திரை டிவி மேல.' திரும்பி வந்தால் அதற்குக் கீழே அவர் பதில் இருக்கும். 'குடுத்தேன். தூங்குது.' கொஞ்சவோ சண்டை போடவோ அந்தத் தாளில் இடம் கிடையாது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் குன்றத்தூருக்குப் போன பிறகும் அப்படியேதான் ஓடியது.

போன வருஷம் அவர் ரிட்டயர் ஆனார். அடுத்த மாதமே நானும் நின்றுவிட்டேன். இனி நிம்மதி என்று நினைத்தேன். வந்தது சண்டைதான். கரண்டியை எங்கே வைத்தாய் என்பதில் ஒன்று, ஃபேனை ஏன் நிறுத்தினீர்கள் என்பதில் ஒன்று. பத்து நாளில் பேச்சே நின்று போனது.

ஒரு நாள் கீரையைக் கடைந்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. உப்பு ஜாடிக்கு அடியில் காலண்டர் தாள். மேலே என் எழுத்து: 'கீரை கீது. சுட வெச்சி சாப்புடுங்க.' மனுஷன் வீட்டில் இருப்பதை மறந்து, பழைய பழக்கத்தில் நானே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கீழே அவர் எழுத்து: 'சாப்ட்டேன். உப்பு கம்மி.'

எழுதியவர் பத்தடி தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வூட்லயே குந்திகினு உப்பு கம்மின்னு எழுதி வெக்கிறீங்களே, வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"நீ எழுதின. நானும் எழுதினேன்," என்றார். பிறகு, "வாயால சொன்னா சண்ட ஆவுது," என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. மிச்சக் காலமும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்துவிடுவோமோ? புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "எழுந்திரிங்க, டீ குடிச்சிட்டு வரலாம்," என்றேன். அந்த வீட்டை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது.

மெயின்ரோட்டு டீக்கடையில், ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்து பெஞ்சில் எங்களுக்கு இடம் விட்டார்கள்.

"அம்மாவுக்கு சக்கர எப்டி?" என்று கடைக்காரர் அவரைக் கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்: "நீ சக்கர போட்டுக்குவியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "தூக்கலா," என்று சொல்வதற்குள் மூச்சு வாங்கியது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இப்டித்தான் சிரிப்பியா?"

"ஏன், அசிங்கமா கீதா?"

"இல்ல. நான் கேட்டதே இல்ல."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் போயிற்றே என்று தோன்றவில்லை. இந்த மனுஷனுக்கு என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் எவ்வளவோ இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

"இன்னொரு வாட்டி சிரி," என்றார்.

"சும்மா எப்டி சிரிக்கிறது? எதனா சொல்லுங்க."

டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். பிறகு, அவருடைய லைன் சூப்பர்வைசர் சேஃப்டி ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஷிப்ட் முழுக்க நொண்டிய கதையை ஆரம்பித்தார். கதை சொல்லத் தெரியவில்லை அவருக்கு. பாதியிலேயே முடிவைச் சொல்லிவிட்டார். அதற்கே நான் மறுபடி சிரித்தேன்.

இப்போது தினமும் இரண்டரை மணிக்கு அங்கே போகிறோம். மசால்வடை சூடாக இருந்தால் ஆளுக்குப் பாதி. பஸ்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும், கையில் டிபன் பாக்ஸ் இல்லாமல் வேடிக்கை பார்ப்போம், அவர் தினம் ஒரு கதை சொல்வார். நேற்று வடை தீர்ந்து போயிருந்தது, மழை வேறு தூறியது. வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"இரு," என்றார். "இன்னும் சொல்லி முடிக்கல."