இரண்டு பேருக்கான குக்கர்

வெளிநாட்டில் மகன் வீட்டிலிருக்கும் கரண்ட் குக்கர் இரண்டு பேருக்குத்தான் பொங்கும். இன்று ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டேன். கஞ்சி பொங்கி மேடையெல்லாம் வழிந்தது.

அந்த வாசனையில் திருவண்ணாமலை வீடு வந்துவிட்டது. கோயிலுக்கு வரும் கீழ்பென்னாத்தூர் சொந்தங்கள் சொல்லாமலேயே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டு நான் உலை வைக்கத் தொடங்கிய புதிதில், ஒருநாள் எங்களுக்கு மட்டும் அளவாக வடித்துவிட்டேன். அத்தை, பிள்ளைகள் நான்கு பேரோடு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குப் பசியே இல்ல அண்ணி, நீங்க சாப்பிடுங்க" என்று அம்மா சிரித்தாள். பிறகு அடுப்படியில் வடித்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சே போடுடி" என்றாள்.

"இங்க யாரும்மா வரப்போறாங்க?" என்கிறான் மகன்.

எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் நாளைக்கு அளவாகப் போடப் பயமாக இருக்கிறது.