செம்மரத்தில் கட்டிய மஞ்சள் துணி

அந்தத் துணியைக் கட்டியது நான்தான். இதை இன்றுவரை நானாக யாரிடமும் சொன்னதில்லை.

வேங்கிக்காலில் எனக்கு ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து நாற்றுப் பண்ணைக்குப் போய், பைகளில் மண் நிரப்பிக் கொடுப்பேன். மலையில் மரம் வைக்கிறவள் என்று தெருவில் பீற்றிக்கொண்டதும் உண்டு. கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், சரிவில் ஒரு செம்மரம் இருந்தது. வெட்டியும் கடத்தியும் எரித்தும் காடுகளில் அருகிப்போன மரம். எங்கள் பக்கம் காய்க்கிற அளவுக்கு வளர்ந்தது அது ஒன்றுதான். அந்த வருஷம்தான் முதல்முறையாகக் காய்த்திருந்தது. காய் முற்றியதும் விதை எடுக்கலாம் என்று பண்ணையே காத்திருந்தது.

புல் அறுக்க வருகிறவர்கள் தெரியாமல் கிளையை ஒடித்துவிடக் கூடாதே என்று, பண்ணை வாட்ச்மேன், "அடையாளத்துக்கு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுட்டு வாங்க மேடம்" என்றார். பெயிண்ட் டப்பா காய்ந்து கிடந்தது. எனக்குப் பொறுமை ஏது? வெயிலுக்குத் தலையில் சுற்றியிருந்த பழைய மஞ்சள் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து, அடிமரத்தில் கட்டிவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்து வளர்ந்த ஊராச்சே! அடுத்த வாரம் போனால் மரத்தில் குங்குமம். அதற்கடுத்த வாரம் எலுமிச்சம்பழம், கற்பூரம் எரிந்த கரி. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு அம்மா கேட்டார்: "இது என்ன சாமிங்க?"

அப்போதே அவிழ்த்துப் போட்டிருக்க வேண்டும். சாமி என்றால் எவனும் கோடாலி வைக்கமாட்டான் என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம். "ரொம்ப சக்தியான மரம்ங்க" என்றேன். அதோடு நிற்காமல் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். சே!

பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம், மரத்தடியில் யாரோ ஏற்றிய கற்பூரத்திலிருந்து காய்ந்த புல் பற்றிக்கொண்டது. நான் பண்ணையிலிருந்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் தழைக்கொத்தால் கடைசி நெருப்பை அடித்துக்கொண்டிருந்தார். முன்கையெல்லாம் கொப்புளம். மரம் அடியிலிருந்து நுனிவரை கருகி நின்றது. காய் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இன்னும் பத்து நாள் போயிருந்தா பறிச்சிருக்கலாம்" என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "வெளியூர் ஜனங்க யாரோ துணி கட்டிட்டுப் போயிட்டாங்கனு ஃபாரஸ்ட் ஆபீசர்கிட்ட சொல்லிடறேன். சரிதானுங்களே?"

எது நடந்தாலும் வெளியூர்க்காரர் தலையில் போடுவது எங்கள் ஊரில் சுலபம். "சரிதான்" என்றேன். சொல்லும்போதே வெட்கத்தில் காது சுட்டது.

அவர் என் தலையை ஒருமுறை பார்த்தார். உடனே குனிந்துகொண்டார்.

"டப்பா காஞ்சு போச்சுனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வேற வாங்கியாந்திருப்பேனே மேடம்" என்று மட்டும் சொன்னார்.

என் தலையில் அன்றும் அதே மஞ்சள் துப்பட்டாதான் இருந்தது, ஓரம் கிழிந்தபடியே.