கடதாசிக் கொம்பனியும் மாமாவின் சாதகமும்

மாமாவின் கலியாணம் பிந்தியதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு கதை உண்டு. நான் அதை மறுப்பதில்லை. ஒன்பது வயதில் அவர் பிறந்தபோது கணித்த சாதகத்தைப் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டேன். அது இப்போது எந்த நாட்டில் எந்த அலுமாரியில் கிடக்கிறதோ, அல்லது கூழாகிப் புதுக் கடதாசியாகி யார் கையில் இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார். கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு சூட்கேஸ், ஒரு கறுப்புக் கண்ணாடி, கொஞ்சம் இங்கிலீஷ் கொண்டுவந்தார். சூட்கேஸின் பிடி உடைந்துபோனது. கண்ணாடியின் மேல் என் தம்பி ஏறி இருந்தான். இங்கிலீஷ் மட்டும் மிஞ்சியது. அதை அவர் ஒரு நாளும் சும்மா விட்டதில்லை. எங்கள் நாயைக்கூட இங்கிலீஷில்தான் கூப்பிடுவார். நாய் தமிழிலும் வராது என்பது வேறு விஷயம்.

எங்கள் வீடு வட்டக்கச்சியைத் தாண்டிக் காட்டுப் பக்கம் போகும் கிரவல் றோட்டில் கடைசி வீடு. அப்பாவின் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சுவர்தான் நின்றது. கிணறு மட்டும் முழுசாக இருந்தது. அப்பாவின் அப்பா தன் கையால் வெட்டிய கிணறு. அப்பா மூன்று நாள் சேறு அள்ளினார். நாலாம் நாள் ஊறிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, இனி இங்கேயே இருக்கலாம் என்றார். வீடெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அடுத்த வருடம் கொம்பனி வந்தது. எங்கள் காணிக்குப் பின்னால் கிடந்த பற்றைக்காட்டை அரசாங்கத்திடம் நீண்ட குத்தகைக்கு எடுத்து, துப்புரவாக்கி, வரிசை வரிசையாக யூக்கலிப்டஸ் நட்டார்கள். வளர்ந்த பிறகு வெட்டிக் கூழாக்கிக் கடதாசி செய்வார்களாம். ஊர்ச்சனம் அதற்குக் கடதாசிக் கொம்பனி என்று பெயர் வைத்தது. அப்பா அந்த மரத்தை டர்பன்டைன் என்றார். மலைநாட்டில் அதற்கு அதுதான் பெயராம். அது நிற்கிற இடத்தில் தண்ணீர் நிற்காது என்றும் சொன்னார், ஆனால் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் கொம்பனி எல்லோருக்கும் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. மாமாவுக்கும் கிடைத்தது. வெளிநாட்டு ஆட்கள் வந்தால் மொழிபெயர்க்க வேண்டும், வராத நாட்களில் மரம் நடுகிறவர்களை மேய்க்க வேண்டும். இலை படம் போட்ட நீலச் சேட்டு ஒன்று கொடுத்தார்கள். அம்மா அதைத் தனியாகத் தோய்த்துத் தனிக் கொடியில் காயப்போடுவார். எங்கள் உடுப்புகளுக்கு அந்தக் கொடியைத் தொட உரிமையில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மஞ்சள் பெயின்ற் அடித்த கட்டைகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. வரிசை நேராக வந்து எங்கள் குசினி அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவால் போனது. கிணறு அந்தப் பக்கம், வாளி இந்தப் பக்கம். மார்கழி விடுமுறைக்கு முன் கம்பி வேலி அடிப்பார்கள் என்று சொன்னார்கள். கம்பி அடித்தால் தண்ணீருக்கு ஒரு மைல் தூரம் நடக்க வேண்டும். அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. கிணற்றுக்கட்டில் போய் இருந்துகொண்டு எழும்ப மாட்டேன் என்றார்.

அப்பா மனேச்சர் இருக்கிற கொம்பனிக் கந்தோருக்கு நடக்கத் தொடங்கினார். கந்தோர் என்பது ஒரு பெரிய இரும்புப் பெட்டி, கப்பலில் சாமான் ஏற்றுகிற கொண்டெய்னர், உள்ளே ஏசி. மனேச்சர் நல்ல பொடியன். கதிரை தருவார், தேத்தண்ணி தருவார், கவலைப்படாதேங்கோ ஐயா என்பார். ஆனால் தான் சம்பளத்துக்கு நிற்கிறவன், தீர்மானமெல்லாம் கொழும்பில் என்பார். கொழும்பைக் கேட்டால் காணி விஷயம் வெளிநாட்டுக் கந்தோரில் என்பார்கள். அந்தக் கந்தோர் வேறொரு நாட்டுக் கொம்பனிக்குச் சொந்தம். அந்தக் கொம்பனி யாருக்குச் சொந்தம் என்று மனேச்சருக்கே தெரியாது. பாவம், அவரும் ஒரு நாள் இருந்து யோசித்துப் பார்த்தாராம். அப்பா ஒவ்வொரு முறையும் வயிறு நிறையத் தேத்தண்ணியோடு திரும்பி வந்தார்.

அப்பா எங்களோடு வன்னித் தமிழ்தான் கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் தன் அப்பாவின் தமிழ் வந்துவிடும். "தொரைன்னு ஒருத்தன் இருக்கணுமில்ல?" என்றார் ஒரு நாள். "எங்கப்பா காலத்துல தோட்டத்துத் தொரை கெட்டவன்தான். ஆனா பங்களா கண்ணுக்குத் தெரியும். வாசல்ல போயி நின்னு கத்தலாம். இவனுங்க பங்களா எங்க இருக்கு?"

நீலச் சேட்டோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமா தட்டைத் தள்ளி வைத்தார். "அத்தான், அவை வாயால எல்லாம் சொல்லுவினம், எழுத்தில ஒண்டும் தரமாட்டினம்," என்றார். "கதைச்சு வேலையில்லை. கடதாசி வேணும். ஒரு கடதாசியைக் குடுத்தா விட்டிடுவாங்கள்."

எங்களிடம் கடதாசி இருக்கவில்லை. காணிப் பத்திரம் இருந்த பை, இடம்பெயர்ந்து ஓடிய வழியில் எங்கேயோ தவறிப்போனது. கிராம அலுவலரான விதானையார் குடியிருப்புக்கு ஒரு கடிதம் தந்தார், கிணற்றுக்குத் தர மாட்டேன் என்றார். அவ்வளவு ஓட்டத்திலும் பத்திரமாக வந்து சேர்ந்தது மாமாவின் சாதகம் ஒன்றுதான். தம்பிக்குக் கலியாணம் செய்து வைக்காமல் சாகமாட்டேன் என்று அம்மா அதைச் சேலைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

நான் பெரியவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு எல்லாம் நன்றாக விளங்கியது. அது கடதாசிக் கொம்பனி. அவர்களுக்குக் கடதாசி வேண்டும். மரம் வளர வருடக்கணக்காகும். இப்போதே கடதாசி கொடுத்தால் கிணற்றை விட்டுவிடுவார்கள், மாமாவே சொல்கிறார். வீட்டில் கடதாசிக்கு என்ன பஞ்சம்? இந்தச் சின்ன விஷயத்துக்கு ஏன் அப்பா அழுகிற மாதிரி இருக்கிறார் என்பதுதான் விளங்கவில்லை.

இரண்டு நாள் தேடிச் சேர்த்தேன். பழைய பேப்பர், எழுதி முடிந்த கொப்பிகள், கலண்டர் தாள், சீனி சுற்றி வந்த சரை, யாருடையவோ கலியாண அழைப்புக் காட்டுகள். அம்மாவின் சூட்கேஸின் அடியில் கட்டம் கீறிய பழைய தாள் ஒன்று, மூலையில் மஞ்சள் பூசியிருந்தது. தடித்த, நல்ல கடதாசி. நல்லதைக் கண்ணில் படுகிற மாதிரி வைக்க வேண்டும் என்று அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துச் சணல் கயிற்றால் கட்டினேன்.

அந்தக் கிழமையே பள்ளிக்கூடத்துக்கு அந்த வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். வெளிநாட்டுக் கந்தோரிலிருந்து வந்தவர், கையெழுத்து வைக்கிற ஆள் என்று எல்லோரும் குசுகுசுத்தார்கள். எங்களுக்கெல்லாம் இலை படம் போட்ட கொப்பி கொடுத்தார். மரம் கடதாசியாகும், கடதாசி எங்கள் எதிர்காலமாகும் என்று நிறையப் பேசினார் போலிருக்கிறது. மாமா அதை, "கொப்பியில வடிவா எழுதுங்கோ பிள்ளையள்," என்று முடித்துவிட்டார்.

என் முறை வந்தது. கொப்பியை வாங்கிக்கொண்டு என் கடதாசிக் கட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். "மிஸ், இவ்வளவு கடதாசியும் உங்களுக்குத்தான். எங்கட கிணத்தை விட்டிடுங்கோ."

பள்ளிக்கூட அதிபரின் முகம் கறுத்துப்போனது. மனேச்சர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். மாமா கடதாசிக் கட்டின் மேல்தாளைப் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். நான் சொன்னது ஒரு வரி. அவர் பேசியது நிற்கவேயில்லை. அந்தப் பெண்மணிக்குக் கண் கலங்கியது. என்னைக் கட்டிப்பிடித்தார், படம் எடுத்தார்கள். வாசலில் நின்ற மனேச்சருக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா இன்னும் ஏதோ பணிவாகச் சொல்ல, அந்தப் பெண்மணி அதிபரின் மேசையில் இருந்துகொண்டு கொம்பனித் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்து மாமாவிடம் கொடுத்தார். வெளியே அவருடைய வாகனம் ஸ்டார்ட்டில் நின்றது.

எனக்குக் கோபம் வந்தது. மாமா கிணற்றைப் பற்றிச் சொல்லியிருந்தால் மனேச்சர் இப்படிச் சிரித்திருக்க மாட்டார். மாமா நீலச் சேட்டுக்குப் பயந்து என் கதையை மாற்றிவிட்டார். சைக்கிளில் வரும்போது கேட்டேன், கிணறு என்று சொன்னீங்களோ இல்லையோ என்று.

"கட்டாரில ஏது பிள்ளை கிணறு?" என்றார். "அந்தச் சொல்லை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை."

அதோடு நான் அவரோடு கதைப்பதை நிற்பாட்டினேன். ஒரு மாதம் என்று நினைக்கிறேன், எனக்கு அப்போதே வீம்பு கொஞ்சம் கூட. ஆனால் அந்த மாதத்துக்குள் அதிசயம் நடந்தது. அப்பா ஒரு முறை கந்தோருக்குப் போய், தேத்தண்ணி குடிக்காமல் வந்தார். அடுத்த கிழமை மஞ்சள் கட்டைகளைப் பிடுங்கிக் கிணற்றுக்கு அந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி நட்டார்கள். என் கடதாசி வேலை செய்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதே நாட்களில் மாமா வேலைக்குப் போகாமல் நின்றார். கேட்டால், அந்தச் சேட்டுப் போட்டால் வேர்க்கிறது என்றார். கொஞ்ச நாளில் சேட்டு சைக்கிள் துடைக்கிற துணியானது. இங்கிலீஷ் போதாதென்று கொம்பனி நிற்பாட்டிவிட்டது என்று நானாகவே முடிவு செய்து, அதையும் ஊரில் பரப்பினேன்.

சாதகம் போன விஷயம், மாமாவுக்கு முதல் சம்பந்தம் பேசி வந்தபோதுதான் தெரிந்தது. அம்மா அகப்பையோடு என்னைக் கலைத்துக்கொண்டு ஓடி வந்தார். மாமா நடுவில் நின்று ஒரு அடியைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு சிரித்தார். அந்தச் சம்பந்தம் போனது, அதற்குப் பிறகு வந்த இரண்டும் போயின. சாதகம் கேட்காத ஒரு வீட்டில் மாமி கிடைக்க ஆறு வருடமானது.

நான் இப்போது வவுனியாவில் வேலை செய்கிறேன். போன வருடம் அப்பா கோல் எடுத்தார். கொம்பனியை வேறு கொம்பனிக்கு விற்றுவிட்டார்களாம், அது எந்த நாடோ. புது ஆட்கள் சிவப்புக் கட்டையோடு வந்து பழையபடி குசினிப் பக்கம் அளக்கிறார்கள். வந்து இந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்லு என்றார். அந்தப் பெண்மணி அன்றைக்கு எழுதித் தந்த, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கடிதம். நன்றிக் கடிதம்தானே என்று நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

புது ஆட்களுக்கு முன்னால் நின்று வாசித்தேன். கொம்பனியின் வடக்கு எல்லையில், தாத்தா வெட்டிய தங்கள் கிணற்றோடு வாழும் குடும்பத்துக்கு, என்று தொடங்கியது. உங்கள் கிணற்றுக்கும் கொம்பனிக்கும் இடையில் நல்ல இடைவெளி இருக்கும், உங்கள் கிணறு உங்களுடையதாகவே இருக்கும், கொம்பனியின் பெயரால் இதை எழுதித் தருகிறேன் என்று போனது. கீழே பெயர், பதவி, கையெழுத்து. அந்தக் கொம்பனியில் யாரோ ஒருவர் தன் பெயரைப் போட்டு எங்களுக்குத் தந்த ஒரே கடதாசி அதுதான். வாகன இரைச்சலில் வாசலில் நின்ற மனேச்சருக்கு அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை, அப்பா இதைக் காட்டியபோதுதான் விளங்கியிருக்கிறது, மாமா என்ன பேசினார் என்று. அடுத்த நாளே நீலச் சேட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்களாம். அப்பா இதைச் சிவப்புக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

கடிதத்தின் கடைசியில் அந்தப் பெண்மணியின் ஒரு வரி இருந்தது. கட்டின் மேல் இருந்த, கட்டங்கள் கீறிய அழகான பழைய படத்தைப் பற்றிக் கேட்டேன், குழந்தையின் மாமா அதையும் நானே வைத்துக்கொள்ளலாம் என்றார், அவருக்கு விசேட நன்றி.

புது ஆட்கள் கடிதத்தைப் போனில் படம் எடுத்தார்கள். மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். மேலே யார் என்று அப்பா கேட்டார். அது அவர்களுக்கும் தெரியவில்லை. கட்டைகளைக் கிணற்றடியில் போட்டுவிட்டுப் போனார்கள், இன்னும் நடவில்லை.

மாமா தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். "சாதகம் மேலதானே கிடந்தது. கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"கண்டனான்."

"எடுத்திருக்கலாமே மாமா."

"கட்டை அவிழ்த்தா அவ எழும்பிப் போயிருப்பா பிள்ளை. வாகனம் ஸ்டார்ட்டில நிண்டது."

அன்றைக்கு இரவு அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கிணறு என்பதற்கான இங்கிலீஷ் சொல் அதில் ஐந்து இடத்தில் இருந்தது. அஞ்சாம் வகுப்பில் அந்தச் சொல்லைப் படித்த அன்று நான் ஓடி வந்து, இது கூடத் தெரியாமல் கட்டாருக்குப் போனீங்களோ என்று கேட்டு அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாமா சைக்கிளை நிறுத்திவிட்டு, என் முன்னால் கைகட்டி நின்று, மூன்று தரம் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார்.