நல்லதண்ணிக் கிணத்துக்கு நான் சொன்ன பேர்

…அந்தக் கல்லிலை கொம்மாவின்ரை பேர் வராது, அன்னம். உன்னைப் பெத்தவள் வெட்டின கிணத்தை என்னைப் பெத்த அப்பு வெட்டினதெண்டு உலகம் முழுக்கச் சொன்னது நான்தான்.

இரு. எழும்பாதை. குத்துவிளக்கு உங்கைதான் கிடக்கு, புளி போட்டு மினுக்கி வைச்சிருக்கிறன். நீ கேட்டு வருவாய் எண்டு தெரியும். கனடாவிலை இருக்கிற எங்கட ஊர்ச் சங்கத்தார் கிணத்தடியிலை பேர்க்கல்லு நடப் போகினம், விளக்குக் கொளுத்தோணும் எண்டு சந்தோசமா வந்து நிக்கிறாய். பக்கத்து வளவுக்காரி, என்னை விட்டால் வேறை ஆரிட்டைக் கேப்பாய்?

எனக்கு எழுத்துத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தால் எப்பவோ வந்து என்ரை கொண்டையைப் பிடிச்சிருப்பாய்.

எல்லாம் என்ரை மருமோள் சுகந்தியிலை இருந்துதான் துவங்கினது. அவளிலை குற்றமில்லை, கேள். மோன் பிரான்சிலை இன்னொருத்தியோடை இருந்திட்டான் எண்ட கதை வந்த நாளிலை இருந்து, கந்தோர் வேலைக்குப் போறதும் வாறதும் சாப்பிடாமல் சுவரைப் பாக்கிறதுமாக் கிடந்தவள். உந்த இன்டர்நெட்டிலை விக்கி எண்டு ஒண்டு இருக்காம். உலகத்திலை உள்ளதெல்லாம் அதிலை கிடக்குமாம். ஆரும் எழுதலாமாம், சம்பளம் இல்லையாம். சம்பளமில்லாத வேலைக்கு எங்கட வீட்டிலை எப்பவெண்டாலும் ஆள் இருக்கும்! அதிலை எங்கட நெடுந்தீவைப் பற்றி எழுதத் துவங்கினாள். பேந்து அதையும் விட்டிட்டாள். ஆர் மாமி உதை வாசிக்கப் போகினம் எண்டாள்.

ஒருநாள் அந்த விக்கியே அவளுக்குக் காட்டிச்சுது… அவள் எழுதினதை எத்தினை பேர் பாத்தவை எண்டு ஒரு கோடு. கடல் பெருகிற மாதிரி ஏறிக்கொண்டு போகுது. நான் சொல்லிக் குடுத்த கல்லுவேலிக் கதைதான் ஆக மேலை நிக்குதாம். இந்த வேலி, அன்னம், உன்ரை ஆடு பாயிற இந்த வேலி! நோர்வேயிலை இருந்து ஒருத்தர் நன்றி எழுதியிருந்தார்.

அண்டைக்கு அவள் ரெண்டாந்தரம் சோறு கேட்டாள்.

எனக்கும் அந்தக் கோட்டிலை ஆசை பிடிச்சிட்டுது. அவள் வேலையாலை வந்து செருப்புக் கழட்ட முதல், "எப்பிடிப் பிள்ளை, ஏறிச்சுதோ?" எண்டு கேப்பன். தேடித் தேடிக் கதை சொன்னன். மாட்டுக்குக் குறி சுடுறது, கடல் பாசி, ஆமை… எல்லாம் உண்மை. கடைசியா, இனி என்ன மாமி இருக்கு எண்டாள். முகம் பழையபடி சுவர்ப் பக்கம் போகப் பாக்குது.

கிணறு இருக்கு எண்டன். ஆர் வெட்டினது எண்டாள்.

"எங்கட அப்பு" எண்டு வாய் சொல்லிச்சுது.

ஏன் சொன்னனான்? அவள் சாப்பிடோணும் எண்டோ? கொம்மாவின்ரை பேரைச் சொல்லியிருந்தாலும் கோடு ஏறியிருக்கும்தானே! இல்லை… அப்புவின்ரை பேரையும் அத்தினை பேர் வாசிக்கோணும் எண்டு ஒரு பேராசை. கள்ளுக் குடிச்சே செத்த மனிசன். கொம்மா அலவாங்கோடை கல்லை உடைக்கேக்கை, பொம்பிளை வெட்டினால் உப்புத்தண்ணிதான் வரும் எண்டு மேட்டிலை நிண்டு சிரிச்சவர். நல்லதண்ணி வந்தோடனை முதல் வாளியை வாங்கிக் குடிச்சதும் அவர்தான். நான் சின்னப்பிள்ளை. பாத்துக்கொண்டு நிண்டனான்.

விக்கியிலை எழுதிறதுக்குப் புத்தகச் சாட்சி வேணுமாம். புத்தகம் ஏது? நீங்கள்தான் மாமி சாட்சி எண்டு போனைப் பிடிச்சு என்ரை குரலைப் பதிஞ்சு போட்டாள். கைநாட்டு வைக்கிறவள் நான்… எவ்வளவு பெருமை எண்டு உனக்குச் சொல்ல ஏலாது.

பேந்து கனடாச் சங்கத்தார் அதைப் பாத்துத் தங்கட விழா மலரிலை அச்சடிச்சினம். அந்த மலரைப் பாத்து வேறை ஆரோ, விக்கியிலை இருந்த என்ரை குரலை அழிச்சுப்போட்டு, மலரையே சாட்சியா வைச்சிட்டினம். விளங்குதோ? நான் அவிட்டுவிட்ட மாடு வேறை ஆற்றையோ குறியோடை திரும்பி வந்து நிக்குது. என்ரையெண்டு பிடிச்சுக் கட்டவும் ஏலாது.

கல்லு நடுற கதை வந்தோடனை சுகந்தியிட்டைச் சொல்லிப்போட்டன். பொய் பிள்ளை, மாத்து எண்டன். அவள் போனை எடுத்தாள். பேந்து அந்தக் கோட்டைத்தான் காட்டினாள்.

"அச்சிலை வந்திட்டுது மாமி. இப்ப மாத்திச் சொன்னால், உங்களுக்கு மறதி வந்திட்டுது எண்டுதான் சொல்லுவினம்."

சொல்லிப்போட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோறு போட்டுச் சாப்பிட்டாள். நானும் குழம்பு விட்டனான்.

எனக்கு அழுகை வரேல்லை. இப்பவும் வரேல்லை. கால் விறைச்சால் கிள்ளிப் பாக்கிறமெல்லே… அப்பிடி நெஞ்சைக் கிள்ளிப் பாக்கிறன். ஒண்டும் தெரியேல்லை.

சங்கத்தார் வருவினம். நீ எழும்பிச் சொல்லு, இது என்ரை அம்மா வெட்டின கிணறு எண்டு. நான் பக்கத்திலை நிண்டு ஓம் எண்டு சொல்லுவன்… சொல்லுவனோ? சுகந்தி என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் சொல்லுவனோ? தெரியாது. அதையும் ஒளிக்கேல்லை.

என்னடி? ஏசினால் எனக்கு லேசாகிப்போம் எண்டு ஏசாமல் இருக்கிறியோ?

மாட்டுக்கண்டு கத்துது. இன்னும் தண்ணி வைக்கேல்லை. பொறு, கிணத்தடிக்குப் போட்டு வாறன். அந்த வாளியைத் தா… விடு, நானே எடுக்கிறன். விளக்கு உன்ரை காலடியிலைதான் கிடக்கு.