காசியம்மாள் தட்டியும் ஒலிக்காத பம்பை

ஜெயபிரியாவை நான் முதலில் பார்த்தது பாலக்கோடு தாலுகா ஆபீஸ் வரிசையில். இருவரும் முதல் பட்டதாரி சான்றிதழுக்காக நின்றிருந்தோம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் கல்லூரிக்குப் போனவர் யாருமில்லை. அந்தத் தாளை இன்றும் கசங்காமல் வைத்திருக்கிறேன். அவளோ தன் ஃபைலின் மேல் பத்து விரலாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, உன் கையக் கட்டித்தான் போடணும்" என்றார் முன்னால் நின்ற பெண்.

"கட்டுங்க. கால் இருக்குதில்ல!"

அந்தக் கை பிறகும் அடங்கவில்லை. படிப்பை முடித்து ஓசூரில் ஒரு சிறு கம்பெனியில் சேர்ந்தாள். போன் திரையைத் தட்டினால் பம்பை, உறுமி மேளங்கள் ஒலிக்கும் செயலி. எங்கே தொட்டால் என்ன சத்தம் என்று திரையை அமைப்பது அவள் வேலை. மாரண்டஹள்ளியில் நான் ஏறும் பஸ்ஸில்தான் அவளும் போவாள். முன் சீட்டுக் கம்பியைத் தட்டுவாள், போனைத் தட்டுவாள், திருத்துவாள், அழிப்பாள்.

போன ஆடியில் கம்பெனி கெடு வைத்தது. செயலியில் தாளம் போட்டே இராத ஐந்து பேர், யாரும் சொல்லித்தராமல், ஒரு நிமிடத்துக்குள் தாளம் போட வேண்டும். திங்கட்கிழமைக்குள் அதன் வீடியோ வராவிட்டால் பயிற்சிக் காலத்தோடு வேலை முடிந்தது.

நான்கு கல்லூரிப் பிள்ளைகள் சுலபமாகத் தட்டிவிட்டார்கள். ஐந்தாவது ஆள், சனிக்கிழமை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த காசியம்மாள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிப்பவர். தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார்.

"ஏம்புள்ள, உன் மேளத்துக்குத் தோல் கட்டுனியா இல்லியா?"

பஸ்ஸே சிரித்தது. "ஓங்கிக் குடு ஆயா!" என்றார் கண்டக்டர்.

"கொஞ்சம் லேசா தொடுங்க ஆத்தா" என்றாள் ஜெயபிரியா.

"லேசா தொட இது மேளமா, கோழிக்குஞ்சா?"

ஜெயபிரியா அவர் கையையே பார்த்தாள். காய்த்துப்போன விரல்கள் நுனியால் தொடவில்லை, பட்டையாக விழுந்தன. அகலமாக ஏதாவது பட்டால், தெரியாமல் கை பட்டது என்று தள்ளிவிடு என செயலிக்குச் சொல்லிவைத்தவளே அவள்தான். திரையிலிருந்த வட்டங்களும் அவள் விரல் நுனி அளவுதான்.

"விடு ஜெயா, இன்னொரு காலேஜ் பையனைப் புடிச்சிக்கலாம்" என்றேன்.

"எங்கம்மா கையும் இப்படித்தான்ண்ணா இருக்கும்" என்றாள். அப்புறம் ஓசூர் வரை கம்பியைத் தட்டவில்லை.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து வட்டங்களை எல்லாம் எடுத்துவிட்டாள். திரை முழுவதும் ஒரே தோல். உள்ளங்கையால் அடித்தால் பம்பை, தேய்த்தால் உறுமி. திங்கள் காலை பஸ்ஸில் போனைக் காசியம்மாள் மடியில் வைத்தாள். என் போனில் நான் வீடியோ எடுத்தேன்.

"மறுபடியும் ஊமை மேளமா?" என்று அவர் ஓங்கி ஒரு அறை விட்டார். தொம் என்றது. பயந்து கையை எடுத்தவர், தக்காளியில் மண் துடைப்பதுபோல் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தார். உறுமி முனகியது. அறை, இழுப்பு, அறை, இழுப்பு என்று தாளம் விழுந்தது.

"ராயக்கோட்டை வந்துடுச்சு ஆயா, எறங்கு!"

"இருடா, இப்பத்தான பேசுது!"

வீடியோவில் கண்டக்டரின் விசிலும் விழுந்திருந்தது. அப்படியே அனுப்பினாள்.

ஜெயபிரியா இப்போது அதே கம்பெனியில் நிரந்தர ஊழியர். ஈரக் கை பட்டால் பம்பை தானாக அடித்துக்கொள்கிறது என்று, அதே பஸ்ஸில், இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள்.